பாவு தீர்ந்த நாள் யார் கணக்கில்?

போளூரையும் ஆரணியையும் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் வேலையை நாளால் அளப்பதில்லை, பாவால், அதாவது தறியில் ஒருமுறை ஏற்றும் நீளவாட்டு நூலால், அளக்கிறார்கள். முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கிறார். நெசவாளர் அதைத் தன் வீட்டுத் தறியில் ஏற்றி நெய்து, சேலையாக அறுத்துக்கொண்டுபோய் மறுபடி எடைபோட்டு ஒப்படைத்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். ஒரு பாவு தீர்ந்து அடுத்தது வரும்வரை தறி நிற்கும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் விற்பனை மந்தமானால் பாவு தள்ளிப்போகும். அடைமழையில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறினாலும் நெசவு ஓடாது. தறி நின்ற நாளிலும் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நாளின் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாக ஒரே பதில்தான்: நெசவாளர் கணக்கில்.

இதே கேள்வியை அலுவலகத்தைப் பார்த்தும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆர்டர் வராத நாள், நோயில் படுத்த நாள், வயதாகி ஓய்ந்த நாள் ஆகியவற்றின் செலவை யார் ஏற்கிறார்? முதலாளிக்கும் ஊழியருக்கும் உள்ள உறவின் வரலாற்றைச் சம்பளத்தை வைத்து எழுதினால் அது ஏறுமுகமாகவே தெரியும். இந்தக் கேள்வியை வைத்து எழுதினால் வேறு வரலாறு கிடைக்கிறது. தறி வீட்டில் முழுக்கத் தொழிலாளியின் தலையில் இருந்த செலவில் ஒரு பங்கை, 20ஆம் நூற்றாண்டின் சங்கங்களும் சட்டங்களும் முதலாளி பக்கமும் அரசின் பக்கமும் நகர்த்தின. கடந்த கால் நூற்றாண்டில் அந்தப் பங்கு ஓசையில்லாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. குளிரூட்டிய அறையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் இருக்கட்டும்; உள்ளே நடக்கும் கணக்கு மீண்டும் கூலித்தறியின் கணக்காகி வருகிறது.

முன்பணமும் பாண்டும்

கூலித்தறியின் உறவைக் கட்டிப்போடுவது முன்பணம். தறி போடும்போதோ, வீட்டில் கல்யாணம், மருத்துவச் செலவு என்று வரும்போதோ முதலாளியிடம் வாங்கும் அந்தத் தொகைக்குப் பெரும்பாலும் வட்டி இல்லை. அதற்கு ஈடாகக் கொடுப்பது விலகும் உரிமையை. கடன் நிற்கும்வரை வேறொருவரிடம் பாவு வாங்க முடியாது; முதலாளியை மாற்ற நினைத்தால், புதியவர் பழைய பாக்கியை அடைத்து அந்த நெசவாளரை எடுத்துக்கொள்ள வேண்டும். கூலி உயர்வு கேட்கும் வாயை இந்தப் பாக்கியே அடைத்துவிடுகிறது. இதன் மிகக் கொடிய வடிவம் குழந்தைகளைத் தொட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பின்னும், தமிழ்நாடு உட்பட இந்தியப் பட்டுத் தொழிலில் முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் உழைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் அறிக்கையாகவே வெளியிட்டது. ஆரணியை 1973 முதல் தொடர்ந்து ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர் பார்பரா ஹாரிஸ்-வொயிட், இத்தகைய ஊர்களின் தொழிலை அரசின் சட்டத்தைவிடச் சாதியும் குடும்பமும் ஆண்-பெண் ஏற்றத்தாழ்வும்தான் நடத்துகின்றன என்று காட்டியிருக்கிறார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது சேலையின் பெயரைக் காக்கிறது. அதை நெய்த கைக்கு அப்படி ஒரு காப்பு இல்லை.

முன்பணம் எப்போதுமே விலங்காக இருந்ததில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அன்று நெசவாளருக்கு இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். வணிகர்கள் பலர், நெசவாளரின் கை ஓங்கியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரத்துக்கு வந்ததும் அந்த உரிமை நசுக்கப்பட்டது. 1859இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவும் வழி செய்தது. 1925இல் அதை நீக்கச் சட்டம் இயற்றும்வரை இரண்டு தலைமுறைக்கு மேல் அது நீடித்தது. ஆக, முன்பணத்தின் தன்மையைத் தீர்மானித்தது பணம் அல்ல. விலகும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே.

இந்த அளவுகோலை இன்றைய அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். வேலையில் சேரும் பட்டதாரியிடம் பயிற்சிச் செலவைக் காட்டி ‘பாண்டு’ எழுதி வாங்குவது பரவலான வழக்கம். தகவல் தொழில்நுட்பத் துறையில் விலக நினைப்பவர் 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது சாதாரணமாகிவிட்டது. அடுத்த நிறுவனம் அவ்வளவு நாள் காத்திருக்காவிட்டால் புதிய வேலை கைநழுவும். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி விதித்த நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள்சேர்ப்புக்குப் பொதுத்துறை வங்கி செய்யும் செலவை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அதில் நியாயம் உண்டு. இன்று விலகினால் சிறையும் இல்லை. ஆனால் போகும் பக்கம் மட்டும் வேலியிட்டு, அனுப்பும் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கும் ஒப்பந்தத்தைச் சமமான ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது. புதிய முதலாளி பழைய பாண்டை அடைத்து ஊழியரை எடுத்துக்கொள்ளும் இன்றைய ஏற்பாட்டை, ஆரணித் தறிக்காரர் யாரும் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்.

இடையில் கிடைத்த அரை நூற்றாண்டு

இந்தக் கணக்கு தானாக மாறவில்லை, போராடித்தான் மாற்றினார்கள். 1918இல் பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியபோது, சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் வந்தது. அதன்பிறகு 1947இல் தொழில் தகராறுகள் சட்டம், 1948இல் ஈ.எஸ்.ஐ., 1952இல் வருங்கால வைப்பு நிதி, 1972இல் பணிக்கொடை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு வகை ‘பாவு தீர்ந்த நாளை’ எடுத்துக்கொண்டு, அதன் செலவில் முதலாளியும் பங்கேற்கச் சொன்னது: ஆள்குறைப்பு நாள், நோய் நாள், முதுமை நாள். ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இந்தப் போக்கின் உச்சம் எனலாம்.

போளூர் போன்ற வட்டத் தலைநகரங்களில் அலுவலக வேலைக்கு இருந்த மரியாதையின் வேர் இங்கே இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம், வங்கி, மின்வாரியம், பள்ளி, ரயில் நிலையம் என்று எங்கே வேலை கிடைத்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஓய்வு பெற்ற பின் ஓய்வூதியம் வரும். இறந்தால் மனைவிக்கும் ஒரு பகுதி வரும். 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது ஒரு மாவட்டத் தலைநகருக்குரிய அலுவலகங்கள் அருகிலேயே வந்தன. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து புதுப்பித்துக்கொண்டே இருந்த தலைமுறை அது. இடஒதுக்கீடு அந்தக் கதவைத் தறிக்குழியிலிருந்தும் வயலிலிருந்தும் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் திறந்தது. அவர்கள் வாங்கியது வெறும் சம்பளம் என்றால் வங்கிக் கடனும் சொந்த வீடும் தங்கையின் படிப்பும் அதில் நடந்திருக்காது. அடுத்த மாதமும் சம்பளம் வரும் என்ற உறுதியே அவர்களின் மூலதனம்.

திரும்பி வந்த கணக்கு

தமிழ்நாட்டில் அந்த உறுதி தளர்ந்த ஆண்டு எது என்று கேட்டால் 2003 என்று சொல்லலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. கடைசிச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்ட ஓய்வூதியம் போய், சேர்ந்த தொகையே எல்லை என்றானது. முதுமையின் நிச்சயமின்மை அரசின் தோளிலிருந்து ஊழியரின் தோளுக்கு இடம் மாறியது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.70 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலானோர் பின்னர் திரும்பச் சேர்க்கப்பட்டாலும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்துவிட்டது. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். ஒரே ஆசிரியர் அறையில் காலமுறை ஊதியமும் தொகுப்பூதியமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தன. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்குத் தற்காலிக முத்திரை குத்தும் இந்தப் பழக்கத்தை, 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

தனியார் துறையில் மாற்றம் இன்னும் வேகமாக நடந்தது. நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்வோரில் 40 சதவீதத்துக்கும் மேல் இன்று ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள். 2000ஆம் ஆண்டையொட்டி இது ஏறத்தாழ பாதியளவே இருந்தது. மாதச் சம்பளக்காரர்களிலும், 2023-24ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்புப்படி சுமார் 58 சதவீதம் பேரிடம் எழுத்து வடிவில் பணி ஒப்பந்தமே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அங்கே போய், ஒரு தொழிலின் தொடக்கத்தையும் முடிவையும் முப்பது வயதுக்குள் பார்த்துவிட்ட இளைஞர்கள் வட மாவட்டங்களில் நிறைய பேர்.

எல்லாவற்றிலும் தெளிவான சான்று தகவல் தொழில்நுட்பத் துறையின் ‘பெஞ்ச்’. ஒரு திட்டப்பணி முடிந்து அடுத்தது வரும்வரை காத்திருக்கும் ஊழியர் பெஞ்சில் இருக்கிறார் என்பார்கள். அது பாவு தீர்ந்த நாளேதான். ஒரே வேறுபாடு, அந்த நாளுக்கும் நிறுவனம் சம்பளம் கொடுத்தது. ஆரணித் தறிக்குக் கிடைக்காத ஒன்று சென்னைச் சோழிங்கநல்லூரின் மென்பொருள் அலுவலகத்துக்குக் கிடைத்திருந்தது. 2025 ஜூனில் டாடா கன்சல்டன்சி நிறுவனம், ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாள் வாடிக்கையாளரிடம் பில் போடத்தக்க வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச் நாள்கள் 35ஐத் தாண்டக்கூடாது என்று விதி வகுத்தது. அடுத்த மாதமே தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேலையைப் பிடித்துவருவது நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்த காலம் போய், தனக்கான பாவைத் தானே தேடிக்கொள்வது ஊழியரின் பொறுப்பாகிவிட்டது.

வீட்டிலிருந்து வேலை என்பதும் தறி வீட்டுக்குப் பழைய செய்தி. நடுக்கூடத்தைத் தறிக்குக் கொடுத்துவிட்டு ஓரத்தில் குடும்பம் படுத்துறங்கும் வீடுகளில், இடத்துக்கும் விளக்குக்கும் முதலாளி வாடகை தந்ததில்லை. நூல் சுற்றுவதும் பாவு புணைப்பதும் மனைவியும் மற்றவர்களும் செய்ய, கூலி மட்டும் ஒரு சேலைக்கு ஒன்று என்றே வரும். இன்று இணைய இணைப்பும் மேசையும் மின்கட்டணமும் ஊழியருடையவை. செயலி வழியே சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கு வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, ஆர்டர் வராத மணிநேரமும் அவருடையது. பெயர் மட்டும் ‘பார்ட்னர்’. நெசவாளரையும் சுயதொழில் செய்பவர் என்றுதான் சொன்னார்கள். 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் இவ்வகை வேலையில் இருந்ததாகவும், 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டிருக்கிறது.

எதிர்வாதங்கள்

லட்சத்தில் சம்பளம் வாங்கும் மென்பொருள் ஊழியரை நெசவாளரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாகச் சொல்கிறது. வாழ்க்கைத் தரத்தில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நான் ஒப்பிடுவது வருமானத்தை அல்ல, இடரை. அதிகச் சம்பளம் இடரைத் தாங்கும் வலுவைத் தரும்; இடர் யாருடையது என்பதை மாற்றாது. வீட்டுக் கடனை நம்பி வாழ்பவருக்கு நாற்பத்தைந்து வயதில் வேலை போனால், அந்த வலுவும் சில மாதங்களில் கரைந்துவிடும்.

பழைய அலுவலகம் ஒன்றும் சொர்க்கமல்ல என்ற வாதம் இதைவிடக் கனமானது. நிரந்தர வேலை என்றுமே சிலருக்குத்தான் கிடைத்தது. மனு கொடுக்க வந்த எளியவரை அலைய விட்டதும் அதே நாற்காலிதான். இன்னொரு பக்கம், செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் கிராமத்துப் பெண்ணின் கையில் அவள் பாட்டி தறியில் பார்த்திராத ஈ.எஸ்.ஐ. அட்டையும் பி.எஃப். எண்ணும் இருக்கின்றன. கூலி அவள் பெயரிலேயே வருகிறது. 1995இல் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20இல் 35 லட்சமாகச் சுருங்கியது. போனவர்கள் காரணமில்லாமல் போகவில்லை. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்துக்கு இதுவே துணை. தறியைவிட ஆலை மேலானதாக அவளுக்குத் தெரிவது இயந்திரத்தால் அல்ல, இயந்திரத்தோடு கூடவே வந்த சட்டத்தால். அந்தச் சட்டத்தை மெலியவிட்டால் ஆலைக்கும் தறிக்கும் உள்ள தூரமும் மெலிந்துவிடும்.

இன்றைய இளைஞரே ஓரிடத்தில் நிற்க விரும்புவதில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. விரும்பி மாறுவது நல்லது. திறமைக்கு விலை கூடுவது அப்படித்தான். ஆனால் 2024 ஜூனில் அரசுப் பணிக்கு நடந்த குரூப் 4 தேர்வில், முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் வேலைக்கு இவ்வளவு பேர் வரிசையில் நிற்கும் நாட்டில், உறுதியற்ற வேலையை இளைஞர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள் என்பதே சரி.

முதலாளிகளின் வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பட்டு நூல் விலை ஏறி இறங்குகிறது, சேலை தேங்குகிறது. மென்பொருள் நிறுவனத்துக்கும் வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோகிறது. எல்லா இடரையும் எங்கள் தலையில் வைத்தால் ஆளெடுக்கவே தயங்குவோம் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இந்த வாதத்தையே ஏற்று, ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தின. குறிப்பிட்ட காலப் பணிக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, செயலித் தொழிலாளர் நலனுக்கு நிறுவனங்களின் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் என்று சில நல்ல விதிகளும் அவற்றில் உள்ளன. ஆனால் ஒருவர் தலையில் இருக்கும் சுமை கனக்கிறது என்றால் அதைப் பங்கிடத்தான் வேண்டும். பங்கிடுவதற்குப் பதில் அடுத்தவர் தலைக்கு மாற்றிவிட்டால் கனம் குறைந்துவிடாது. தாங்கும் கழுத்துதான் மாறும்.

நடந்து காட்டிய வழிகள்

சுமையைப் பங்கிட முடியும் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நெய்யும் தமிழ்நாட்டு நெசவாளருக்கு 1975 முதல் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது: கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவர் போட, 4 காசு அரசு போடுகிறது. துண்டுக் கூலிக்காரருக்கு வைப்பு நிதி முடியாது என்ற பேச்சை ஐம்பது ஆண்டுக்கு முன்பே இந்தத் திட்டம் பொய்யாக்கியது. தனியார் முதலாளியிடம் பாவு வாங்குபவருக்கு இது எட்டாததுதான் குறை. பீடி சுற்றும் பெண்கள் கதை இன்னும் பொருத்தமானது. அவர்களும் வீட்டில் உட்கார்ந்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, முதலாளியின் முகமே பார்க்காமல் உழைப்பவர்கள். 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் அவர்களையும் தொழிலாளர் என்றது. 1974இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1985இல் அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு என்றும் தீர்ப்பளித்தது. சட்டம் மனம் வைத்தால் வேலையின் பின்னாலேயே வீட்டுக்குள் போக முடியும். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று 2021இல் சொன்னதற்கு முப்பத்தாறு ஆண்டு முன்பே, பீடிப் பெண்களுக்காக நம் நீதிமன்றம் அந்த வழியில் நடந்திருக்கிறது. பீடிக்கு உண்டென்றால் பட்டுக்கும் செயலிக்கும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நியாயமான பதில் யாரிடமும் இல்லை.

வேலையில்லா நாளுக்கும் வழி உண்டு. ஜெர்மனியில் ஆர்டர் குறைந்தால் நிறுவனம் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கிறது. இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீட்டு நிதி ஈடு செய்கிறது. கொரோனாவின் தொடக்கத்தில், 2020 ஏப்ரலில், அங்கே சுமார் 60 லட்சம் பேரின் வேலை இப்படித் தாங்கிப் பிடிக்கப்பட்டது. நம் நாட்டிலும் ஈ.எஸ்.ஐ.யின் கீழ் 2018இல் தொடங்கிய அடல் திட்டம், வேலை இழந்தவருக்கு 90 நாள்வரை சராசரிச் சம்பளத்தில் பாதியைத் தருகிறது. மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு மட்டும் என்ற எல்லையை அகற்றி, ஒப்பந்தப் பணியாளர், செயலித் தொழிலாளர், கூலித்தறி நெசவாளர் எல்லோரையும் அதற்குள் கொண்டுவரலாம். ஊழியர், முதலாளி, அரசு மூவரும் சிறு பங்கு போட்டால் போதும். இதோடு, எந்தப் பாண்டும் விலகுபவரைக் கட்டும் அளவுக்கு அனுப்புபவரையும் கட்ட வேண்டும் என்று விதி செய்தால், முன்பணத்தின் பழைய நியாயம் திரும்பக் கிடைக்கும்.

நிரந்தர வேலையின் பொற்காலத்தை மீட்டுத் தரச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் மீட்கத் தகுந்தது அதன் நாற்காலி அல்ல, அதன் கொள்கை: உழைப்பின் பயனில் பங்கு கேட்பவர், உழைப்பு நின்ற நாளிலும் பங்கேற்க வேண்டும். பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதாகவே இன்றும் இருக்கிறது. நெசவு ஊர்களின் அனுபவம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்றைக் கற்றுத் தருகிறது: பாவு தீர்ந்தால் என்ன ஏற்பாடு? அந்தக் கேள்வியைப் போளூரில் பஸ் ஏறும் பெண்ணும் சோழிங்கநல்லூரில் பெஞ்சில் காத்திருக்கும் பொறியாளரும் ஒன்றாகக் கேட்டால், பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது நிறுவனத்துக்கும் கடினம், அரசுக்கும் கடினம். அதுவரை தறி நின்ற நாளின் செலவு, எழுதிய இடத்திலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.